துணைவேந்தர் மாறும் மாதங்கள்

இலங்கையில் துணைவேந்தர் ஒருவரின் பதவிக்காலம் 3 ஆண்டுகள். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அப்படித்தான் வகுத்திருக்கிறது. இடையில் 65 வயது நிறைந்துவிட்டால் அதோடு முடிந்தது. சட்டப் புத்தகத்தில் 3 ஆண்டு என்றிருப்பது நடைமுறையில் அவ்வளவு நீளமில்லை. முதல் அரையாண்டு, நேற்றுவரை ஒரு துறையின் அறையிலிருந்தோ பீடத்தின் அலுவலகத்திலிருந்தோ பார்த்த பல்கலைக்கழகத்தை அந்த நாற்காலியிலிருந்து பார்க்கப் பழகுவதில் கழிந்துவிடும். கடைசி எட்டு ஒன்பது மாதங்கள் அடுத்தவர் யார் என்ற பேச்சில் போகும். இருப்பவரே இரண்டாம் தவணைக்கும் விண்ணப்பிப்பவராக இருந்தால், அந்த மாதங்களில் அவர் யாரையும் நோகவைக்கும் எந்தத் தீர்மானத்தையும் எடுக்கமாட்டார். விண்ணப்பிக்காதவராக இருந்தால் அவர் எடுக்கும் தீர்மானத்தை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆக மிஞ்சுவது ஒன்றே முக்கால் ஆண்டு.

மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தக் கணக்கை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து, பேராதனையில் படித்து, கோப்புகளோடு தலைநரைத்தவன் என்பது மட்டும் போதும். துணைவேந்தர் தெரிவைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் வருபவரைப் பற்றியவை: அவர் எந்தக் கட்சிக்கு வேண்டியவர், எத்தனை ஆய்வுக்கட்டுரைகள் எழுதியவர், எந்தப் பீடத்தின் ஆள். ஒருவர் போய் இன்னொருவர் வந்து அமரும் அந்த இடைவெளியில் எது கைமாறுகிறது, எது கைமாறாமல் விழுந்துவிடுகிறது என்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எங்கள் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வருபவர் யார் என்பதைவிட இந்தக் கைமாற்றமே அதிகம் சுடுகிறது என்பது என் எண்ணம்.

முதலில் தெரிவு நடக்கும் விதம். பதவி வெற்றிடமாகப் போகிறது என்று தெரிந்ததும் விண்ணப்பம் கோரப்படும். விண்ணப்பித்தவர்கள் பல்கலைக்கழகத்தை ஆளும் சபையான பேரவையின் முன்னே தோன்றித் தங்கள் திட்டத்தை எடுத்துரைப்பார்கள். பேரவை மூன்று பெயர்களைத் தெரிந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும், ஆணைக்குழு பரிந்துரைக்கும், நியமிப்பவர் நாட்டின் ஜனாதிபதி. வேந்தர் என்று ஒருவர் இருக்கிறார், பட்டமளிப்பு விழாவில் அங்கியோடு முன்னே நடப்பவர், அவருக்கு இதில் வேலையில்லை. பேரவையிலோ துணைவேந்தர், பீடாதிபதிகள், கல்வி விடயங்களைக் கவனிக்கும் சபையான மூதவையின் பிரதிநிதிகள் ஆகிய உள்ளாட்களைவிட ஆணைக்குழு நியமிக்கும் வெளியாட்கள் ஒருவர் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த வெளியாட்கள் யார் என்பது எந்த அரசாங்கம் ஆட்சியில் இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. எனவே வாக்குச் சேகரிப்பு நடக்கும். பீடாதிபதி ஒருவரின் அறையில் என்றுமில்லாத நேரத்தில் விளக்கெரியும். தொழிற்சங்கக்காரர்கள், கல்விசாரா ஊழியர் உட்பட, தங்கள் கோரிக்கைகளைத் தூசி தட்டி எடுப்பார்கள். இதில் நான் குற்றம் காணமாட்டேன். எந்தத் தேர்தலிலும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பேரவை மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் மலையகத் தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், என் பணிக்காலத்தின் பெரும்பகுதியில், எண்ணவே தேவையிருக்கவில்லை. வாக்கில்லாதவர்களிடம் யாரும் வாக்குச் சேகரிக்க வருவதில்லை.

அப்படியானால் எங்கள் காரியங்கள் எப்படி நடந்தன? நல்ல மனதால் நடந்தன. ஒரு துணைவேந்தர் இளம் விரிவுரையாளராக இருந்த காலத்தில் தோட்டங்களில் ஆய்வுசெய்தவர், லயன் காம்பிராவுக்குள் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தவர். அவருக்கு ஒரு முறை சொன்னால் விளங்கும். இன்னொருவருக்கு அந்த அனுபவம் இல்லை. அவர் கெட்டவரில்லை, அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் போய்த் தெரியாதவர் வரும்போதெல்லாம் நாங்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோம்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதன் கோப்பு என் கையால் போய்வந்தது. விடுதிக்குத் தெரிவான மாணவர்களுக்குத் தபாலில் அறிவித்தல் அனுப்புவோம். குறித்த திகதிக்குள் பணம் கட்டி ஒப்புதல் அனுப்பாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போகும். நகரத்துப் பிள்ளைக்கு இதில் சிக்கலில்லை. தோட்டத்துப் பிள்ளையின் முகவரி என்பது பெயர், டிவிசன், தோட்டம், தபாற்கந்தோர் அவ்வளவுதான். லயத்துக்கு வீட்டிலக்கமும் கிடையாது, வாசலுக்குத் தபால்காரரும் வருவதில்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கே பையில் கிடக்கும். மேல் டிவிசனுக்குப் போகும் யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்படும். ஒரு தகப்பனார் தொலைபேசியில் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சார், கடுதாசி நேத்து சாயங்காலந்தான் ஆபீஸ்ல குடுத்தாங்க. அதுல போட்டிருக்கிற தேதி போன கெழமையோட முடிஞ்சிருச்சே சார். புள்ளைக்கு ரூம் இல்லேன்னா படிக்க அனுப்ப வழி இல்லைங்க.”

அப்போதிருந்த துணைவேந்தரிடம் இதைக் கொண்டுபோனோம். அவர் நிலைமையை உடனே புரிந்துகொண்டு, தோட்ட முகவரி உள்ள மாணவர்களுக்கு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுக்கும்படியும், கடிதத்தோடு சேர்த்துத் தொலைபேசியிலும் அறிவிக்கும்படியும் வாயால் உத்தரவிட்டார். பிரிவின் எழுதுவினைஞர் இதற்கு ஒரு குறிப்புத்தாள் எழுதி, அனுமதிக்காக மேலே அனுப்பினார். அது திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரே சொல் எழுதியிருந்தது: “பேசுவோம்.” பேசினோம், அவர் மீண்டும் சம்மதித்தார், நடைமுறை ஒழுங்காக ஓடியது, குறிப்புத்தாளில் கையெழுத்து மட்டும் விழவேயில்லை. நல்ல காரியம் நடந்துகொண்டிருக்கும்போது கையெழுத்தைக் கேட்டு நச்சரிப்பது எங்கள் அலுவலகப் பண்பாட்டில் அநாகரிகம். அவர் காலம் முடிந்தது. புதியவர் வந்த முதல் ஆண்டிலேயே கணக்காய்வுப் பிரிவு விடுதி ஒதுக்கீட்டைப் பார்த்து, சில மாணவர்களுக்கு மட்டும் திகதி நீட்டிக்கப்பட்டதற்கு அதிகாரம் எங்கே என்று கேட்டது. கோப்பில் இருந்தது பென்சில் சொல் ஒன்று. சலுகை நின்றது. அந்த ஆண்டு விடுதியை இழந்த பிள்ளைகள் கண்டி நகரிலும் அதற்கு வெளியே உள்ள ஊர்களிலும் அறை தேடி அலைந்தார்கள். ஒருத்தி முதலாம் அரையாண்டுப் பரீட்சைக்கு வரவில்லை.

புதியவர் அநியாயம் செய்தாரா? செய்யவில்லை. பழையவர் ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு வாக்குறுதி இருந்தது, அதை ஏந்திச் செல்ல யாருக்கும் கை இருக்கவில்லை. கையளிப்பு நாளன்று என்ன நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இது வியப்பாயிராது. தளபாடப் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு கதிரைக்கும் இலக்கம் இருக்கும். வாகனத்தின் ஓட்டப் பதிவேடு, அலுமாரிச் சாவிகள், உத்தியோகபூர்வ இல்லத்தின் பாத்திர பண்டங்கள், குளிர்சாதனப் பெட்டி, மடிகணினி, எல்லாவற்றுக்கும் ஒப்பம் வைப்பார்கள். தேநீர் மேசையில் ஒரு கரண்டி குறைந்தால் விசாரணை நடக்கும். வாயால் கொடுத்த வாக்குகளுக்குப் பட்டியல் கிடையாது.

தோட்டத்தில் பெரிய துரை, அதாவது தோட்ட முகாமையாளர், மாறுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். துரை போவார், வருவார், கணக்கப்பிள்ளை இருப்பார். எந்த மலையில் எந்தக் குடும்பத்துக்கு என்ன ஏற்பாடு என்பது அவர் தலைக்குள் இருக்கும், அவர் விரும்பினால் புதுத் துரையின் காதுக்குப் போகும், விரும்பாவிட்டால் போகாது. பல்கலைக்கழகத்தில் அந்த இடம் பதிவாளருக்கு. சட்டப்படி ஆவணங்களின் காவலர் அவர். பேரவைக்கும் மூதவைக்கும் செயலாளர் அவர். துணைவேந்தர்கள் மாறிக்கொண்டிருக்க, நிறுவனத்தின் ஞாபகம் பதிவாளரிடமும் அவருக்குக் கீழுள்ள நாலைந்து விடயப் பொறுப்பாளர்களிடமும்தான் தங்குகிறது. அவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பது, புதிய துணைவேந்தரின் திறமையைவிடப் பல வேளைகளில் எங்களுக்குப் பெரிய விடயம்.

பழைய வரலாறும் இதையே காட்டுகிறது, சற்றுப் பெரிய எழுத்தில். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ். அரசியலமைப்புச் சட்ட அறிஞர், டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு விடயங்களில் ஆலோசனை சொன்னவர். பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலிருந்து ஹந்தானை மலையடிவாரத்துக்கு, மகாவலிக் கரைக்கு, கொண்டுவரும் வேலையை அவர் தன் காலம் முழுவதும் சுமந்தார். 1952 இல் பேராதனைக்குக் குடிபெயர்வு. 1954 ஏப்ரல் 20 இல், எலிசபெத் மகாராணியும் உடனிருக்க, எடின்பரோ கோமகன் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜ் போய்விட்டார், டிரினிட்டி ஹோல் கல்லூரியின் தலைவராக. கட்டிமுடித்த வீட்டில் மற்றவர்களை விட்டுவிட்டுப் போனார் என்று அதை ஒரு பிழையாகச் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை; கட்டியவரே நெடுநாள் இருந்து ஆண்ட நிறுவனங்கள் அவரோடேயே முதுமை அடைந்ததைப் பார்த்திருக்கிறோம்.

அவருக்குப் பின் வந்த சேர் நிக்கலஸ் ஆட்டிகல இந்நாட்டவர், மருத்துவர், நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் சபையின் தலைவராகவும் இருந்தவர். ஜெனிங்ஸின் பல்கலைக்கழகம் ஆங்கிலம் படித்த சிறு தொகையினருக்கானது. ஆட்டிகல காலத்திலோ 1960 அளவில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாக உள்ளே வந்தன, மாணவர் தொகை பெருகியது, விடுதிகள் நிரம்பி வழிந்தன. முதலாமவர் அளந்து கட்டிய சட்டைக்குள் இரண்டாமவர் வளர்ந்த உடம்பை நுழைக்கவேண்டியிருந்தது. அவரைக் கடுமையானவர் என்று நினைவுகூர்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள். அவர் காலம் முடிந்த 1966 ஆம் ஆண்டிலேயே புதிய உயர்கல்விச் சட்டமும் வந்து, பல்கலைக்கழகங்கள் மீது அரசாங்கத்தின் பிடி இறுகியது. இந்தக் கைமாற்றங்கள் நடந்த காலம் முழுவதிலும், பேராதனையைச் சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பிறகு 1972. எல்லாப் பல்கலைக்கழகங்களையும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றாக்கி, அவற்றை வளாகங்களாக்கி, ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவரை அமர்த்தினார்கள். பேராதனையும் ஒரு வளாகமாயிற்று. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1977 இல் ஆட்சி மாறியது. அதே ஆண்டில் வளாகத் தலைமையும் மாறி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அமர்ந்தார். பேராதனையில் எங்கள் முன்னோர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரும் அவரே. இலக்கியக் கொள்கையில் வெவ்வேறு முகாம்களைச் சேர்ந்த இருவர், அரசியல் அலை நடுவே, சில ஆண்டுகளே வயதான ஒரு நிறுவனத்தைக் கைமாற்றிக்கொண்டார்கள்; வகுப்புகள் நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம் இருவரில் யாருடைய பெருந்தன்மையும் என்பதைவிட, துறைகள் அதற்குள் தங்கள் காலில் நிற்கத் தொடங்கியிருந்தன என்பதே என்று நான் நினைக்கிறேன்.

எல்லாக் கைமாற்றங்களும் விண்ணப்பத்தோடும் வாக்கோடும் நடக்கவில்லை. 1989 மார்ச்சில் கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர சுட்டுக்கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 இல் கொழும்பில் காணாமற்போனார்; திரும்பவில்லை. அந்த அறைகளில் அடுத்து அமர்ந்தவர்களுக்கு யாரும் சாவி கொடுக்கவில்லை. இவற்றைப் பற்றி விரிவாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சமாதான காலத்திலும் துணைவேந்தர் இல்லாத நாட்கள் உண்டு. பெயர்கள் மேலே போய் நியமனம் தாமதமானால் பதிற்கடமைக்கு ஒருவர் வருவார். நிலைமை முற்றினால் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற பெயரில் ஒருவர் நியமிக்கப்படுவார். 2019 இல் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் நடந்தது. அடுத்த துணைவேந்தர் வர 2020 ஆகிவிட்டது. பதிற்கடமை பார்ப்பவர் பொதுவாக அன்றாடக் கடிதங்களில் கையெழுத்திடுவார், புதிதாக எதையும் தொடமாட்டார். அவர்மேல் தவறில்லை. ஆனால் மாணவர் அனுமதியும் விடுதி ஒதுக்கீடும் நிதியுதவி விண்ணப்பங்களும் துணைவேந்தர் வரும்வரை காத்திருப்பதில்லை. ஏற்பாடு எழுத்தில் உள்ளவர்களின் வேலை ஓடும், மற்றவர்களுடையது தட்டில் கிடக்கும்.

ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 இல் பதுளையில் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக வந்தவர் கலாநிதி சந்திரா எம்புல்தெனிய. மலைநாட்டுக்குள் இன்னொரு பல்கலைக்கழகம் வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி இருந்தது; அது எங்களுக்கானது என்று யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தல் மேடையிலும் உயிர்த்தெழுகிறது. அதைப் பேசும் கூட்டங்களில் முதல் கேள்வி, முதல் துணைவேந்தர் எங்கள் ஆளாக இருப்பாரா என்பதுதான். இருந்தால் நல்லது. ஆனால் 3 ஆண்டில், கூடினால் 6 ஆண்டில், அவரும் போய்விடுவார். யார் அவருக்குப் பின், பேரவையில் எத்தனை பேர், பதிவாளர் பிரிவில் தமிழில் கடிதம் எழுத எத்தனை பேர் என்ற கேள்விகளை அந்தக் கூட்டங்களில் நான் கேட்டால், ஓய்வுபெற்ற எழுதுவினைஞன் புத்தி போகவில்லை என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நல்லவரை எதிர்பார்த்து நாங்கள் வாழ்ந்த காலம் போதும்.

விடுதித் திகதிக் கோப்பு கடைசியில் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அந்தச் சலுகை நின்ற பிறகு இன்னொரு துணைவேந்தரும் வந்து போனார். அதற்கடுத்தவர் காலத்தில், ஒரு பீடாதிபதி, சிங்களவர், மாத்தளைப் பக்கம் பள்ளிக்கூடம் படித்தவர், இதைத் தன் பீடத்துப் பிரச்சினையாகவே எடுத்து மூதவையில் பேசினார். மூதவை பரிந்துரைத்தது, பேரவை ஏற்றது, கூட்டக் குறிப்பில் ஒரு பந்தியாக ஏறியது. தோட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. ‘வீட்டு முகவரிக்கு நேரடித் தபால் விநியோகம் இல்லாத மாணவர்கள்’ என்று எழுதப்பட்டது. எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை, எங்களை மறைப்பதுபோல் இருந்தது. ஆனால் அப்படி எழுதியதால்தான் மொனராகலையின் ஒதுக்குப்புறக் கிராமத்துப் பிள்ளைக்கும் அது உதவியது, அதனால்தான் அதை நீக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதன் பின் துணைவேந்தர்கள் மாறினார்கள். கணக்காய்வுக்காரர்கள் கேட்டபோது குறிப்பின் இலக்கத்தைக் காட்டினோம்.

இப்போது என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் தமிழ் மாணவர் சங்கப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். துணைவேந்தரைச் சந்தித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் சந்திப்பு முடிந்த அன்றே, பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, பெயருக்கன்றிப் பதவிக்கு விலாசமிட்டு, பதிவாளருக்குப் பிரதியோடு கையளியுங்கள். திகதி முத்திரை இட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அவருடைய காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே, இன்னின்ன ஏற்பாடுகள் வாய்மொழியாக நடக்கின்றன, இவற்றைப் பேரவைக் குறிப்பில் ஏற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். கடைசி மூன்று மாதத்தில் கேட்காதீர்கள். அப்போது அவர் விடைபெறும் விருந்துகளில் இருப்பார். சங்கத்தின் செயலாளர்களும் ஆண்டுதோறும் மாறுகிறார்கள் என்பதால், அந்தப் பிரதியைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது போதாது. சங்கத்தின் அலுமாரியில் ஒரு கோப்பு திறந்து, முதல் தாளாக அதைக் கோத்து வையுங்கள்.